ஹியூமிடிட்டி 60க்கு மேல வெச்சும் 14 குஞ்சு ஓட்டுக்குள்ளயே போச்சு - என் மூணு ஹேட்ச் அனுபவம்

எல்லாருக்கும் வணக்கம். இன்குபேட்டர்ல (குஞ்சு பொரிக்கற பெட்டி) கோழி முட்டை வைக்கிறவங்க டெம்பரேச்சர் பத்தி மணிக்கணக்கா பேசறோம், ஹியூமிடிட்டின்னு (பெட்டிக்குள்ள காத்துல இருக்கற ஈரம், சதவீதத்துல) வந்தா மட்டும் "தண்ணி கிண்ணம் காயாம பாத்துக்கோங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடறோம். அந்த ஒரு வரிய நம்பி மொத ரெண்டு ஹேட்ச்ல (பொரிப்புல) நான் விட்ட குஞ்சுங்கள நினைச்சா இன்னும் மனசு ஆறல, அதனால நடந்தத அப்படியே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

மொத தடவ 24 முட்டை. ஃபேன் உள்ள பெட்டி, 37.5 டிகிரி, முட்டைய தானா திருப்பற ஆட்டோ டர்னிங், எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. டிஸ்ப்ளேல ஹியூமிடிட்டி 60, 65ன்னு நின்னுச்சு, ஈரம் அதிகமா இருந்தா முட்டைக்கு நல்லதுதானேன்னு நினைச்சு ரெண்டு கிண்ணத்தையும் எப்பவும் நிரப்பியே வெச்சிருந்தேன். 7ம் நாள் டார்ச் அடிச்சு பாத்தா நரம்பு அழகா ஓடுது, 18ம் நாள் 19 முட்டைல உயிர் அசையுது. அவ்ளோ சந்தோஷம். 21ம் நாள் 5 குஞ்சு வந்துச்சு, அதோட சரி. 23ம் நாள் வரைக்கும் காத்திருந்து பாத்துட்டு மிச்ச 14ஐயும் ஒவ்வொண்ணா உடைச்சேன். அலகு, நகம், இறகு எல்லாம் முழுசா இருக்கு, ஆனா உடம்பு நீர் கோத்து ஊதிப் போய் ஓட்டுக்குள்ள திரும்பக்கூட இடமில்லாம நெருக்கிக்கிட்டு கெடக்கு, முட்டையோட அகலமான முனைல இருக்கற காத்து அறை இத்துனூண்டு. சிலது உள் சவ்வ குத்தி அலக காத்து அறைக்குள்ள விட்டிருக்கு, அங்கயும் தண்ணி ஏறி மூச்சு முட்டிப் போயிருக்கு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். முட்டை ஓட்டுல ஆயிரக்கணக்குல நுண்துளை இருக்கு, அது வழியா உள்ள இருக்கற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயே ஆகணும். 18 நாள்ல முட்டையோட எடைல 12 சதவீதம் போல குறையணும், ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கலாம். அப்படி தண்ணி போன எடத்துலதான் காத்து அறை பெருசாகுது, குஞ்சு தன்னோட மொத மூச்ச அங்கதான் இழுக்குது. நான் பெட்டிய ஈரமாவே வெச்சதால தண்ணி போக வழியில்லாம போச்சு, அந்த 14 குஞ்சுக்கும் மூச்சு விட காத்தே இல்ல.

ரெண்டாவது தடவ பயந்துபோய் நேர் எதிரா செஞ்சேன். தண்ணியே வைக்கல. அப்ப வறண்ட காலம் வேற, மீட்டர்ல 22, 25ன்னுதான் காட்டுச்சு. 14ம் நாளே காத்து அறை 18ம் நாள்ல இருக்க வேண்டிய அளவுக்கு வந்திருச்சு, அப்பவாவது நான் முழிச்சிருக்கணும், முழிக்கல. குஞ்சு ஓட்ட குத்துச்சு, குத்தின எடத்துலயே நின்னுருச்சு. சவ்வு காஞ்ச பேப்பர் மாதிரி உடம்புல ஒட்டிக்கிச்சு, குஞ்சுக்கு சுத்தி வந்து ஓட்ட வெட்ட முடியல. பொரிச்சதும் சின்னதா, சோர்ந்து போன குஞ்சுங்க.

மூணாவது தடவதான் மீட்டர பாக்கறத கொறச்சுட்டு முட்டைய பாத்தேன். ஒரு டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் வரைக்கும் காட்டறது. ஒவ்வொரு முட்டை மேலயும் பென்சில்ல மொத நாள் எடைய எழுதிட்டேன் (பேனா வேண்டாம், மை உள்ள போகும்). 20 முட்டை சேர்ந்து 1100 கிராம். 18ம் நாளுக்குள்ள 132 கிராம் போகணும், அப்படின்னா 7ம் நாள் சுமார் 51 கிராம் போயிருக்கணும். போட்டு பாத்தா 34தான் போயிருக்கு. மீட்டர் என்னமோ 50ன்னு நல்ல பிள்ளையாட்டம் காட்டிக்கிட்டு இருந்துச்சு! கிண்ணத்த எடுத்து வெளிய வெச்சுட்டு, காத்து ஓட்டைய முழுசா திறந்துவிட்டேன். 14ம் நாள் பாத்தா கணக்குக்கு பக்கத்துல வந்திருச்சு, 18ம் நாள் 128 கிராம் குறைஞ்சிருந்துச்சு. நடுவுல கூமுட்டைய எடுத்தீங்கன்னா அதோட மொத நாள் எடையையும் மொத்தத்துலேர்ந்து கழிச்சுக்கோங்க, இல்லன்னா கணக்கு தலைகீழா போயிரும், அதுக்குத்தான் தனித்தனியா எழுதச் சொல்றேன். கரு பிடிச்ச 18ல 16 பொரிச்சுது.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சுது. பெட்டிக்குள்ள வர்றது ரூம் காத்துதான், அத சூடாக்கும்போது ஹியூமிடிட்டி தானா இறங்கும். ரூம் 30 டிகிரி, 70 சதவீதம்னா அதே காத்து 37.5க்கு சூடானதும் 46 கிட்ட வரும், அதாவது ஒரு சொட்டு தண்ணி இல்லாமயே மொத 18 நாளுக்கு வேண்டிய அளவு வந்தாச்சு. மழை நாள்ல 28 டிகிரி 90 சதவீதம்னா உள்ள 52, 53. அதே ரூம் 20 டிகிரி, 50 சதவீதம்னா உள்ள வெறும் 18. ஒருத்தருக்கு தண்ணி இல்லாம சூப்பரா பொரிக்குது, இன்னொருத்தருக்கு அதே முறைல எல்லாம் காஞ்சு போகுதுன்னா காரணம் இதுதான், ரெண்டு பேரும் பொய் சொல்லல. உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

*

அண்ணா, 14ன்னு படிச்சதும் எனக்கு என்னமோ பண்ணிருச்சு, எனக்கும் இதே மாதிரி 9 போச்சு. என் கேஸ்ல தப்பு மீட்டர் மேல. உப்பு டெஸ்ட் பண்ணி பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, ஒரு பாட்டில் மூடில சமையல் உப்பு போட்டு ஈர மணல் பதத்துக்கு கொஞ்சமா தண்ணி விட்டு (கரையக்கூடாது, ஈரமானா போதும்) மீட்டரோட சேத்து ஜிப் கவர்ல காத்து புகாம மூடி ஒரு ராத்திரி விட்டேன். காலைல 75 காட்டணும். என்னோடது 66 காட்டுச்சு. அப்ப நான் 50ன்னு நம்பிக்கிட்டு இருந்தது கிட்டத்தட்ட 60! மூணு ஹேட்ச் அந்த நம்பர வெச்சுதான் ஓட்டியிருக்கேன். இப்ப மீட்டர் மேலயே 9 கூட்டுன்னு ஒட்டி வெச்சிருக்கேன், ஒவ்வொரு பேட்ச்க்கு முன்னாடியும் உப்பு டெஸ்ட் போட்டுட்டுதான் முட்டையே வைக்கிறேன்.

*

நான் கொஞ்சம் பழைய ஆளு, மீட்டரே வெச்சிக்கிறதில்ல. ரெண்டு கண்ணாடி தெர்மாமீட்டர், ஒண்ணோட குமிழ்ல பருத்தி திரி சுத்தி திரியோட நுனி தண்ணில இருக்கும். காய்ஞ்சது 37.5 இருக்கும்போது ஈரத் திரி 29 காட்டினா ஹியூமிடிட்டி 53 கிட்ட, 32 காட்டினா 68 கிட்ட. ஃபேன் காத்து திரி மேல படணும், திரி அழுக்கானா மாத்தணும், இல்லன்னா கூட காட்டும். தண்ணிய பத்தி ஒண்ணு சொல்றேன் தம்பிங்களா, கிண்ணம் எவ்ளோ ஆழம்ங்கறது விஷயமே இல்ல, மேல்பரப்பு எவ்ளோ அகலம்ங்கறதுதான் கணக்கு. கூட்டணும்னா அகலமான தட்டு வைங்க, ஸ்பான்ஞ்ச நனைச்சு நிறுத்தி வைங்க. ஆழமான டம்ளர்ல ரொப்பி ரொப்பி ஊத்தினா ஏறாது. ஊத்தற தண்ணியும் வெதுவெதுப்பா இருக்கட்டும், பச்சத்தண்ணி ஊத்தினா டெம்பரேச்சர் இறங்கும்.

*

எனக்கு போனது எல்லாமே கடைசி மூணு நாள்லதான். 18 வரைக்கும் சரியா இருந்துச்சு, அப்புறம் முட்டைய திருப்பறத நிறுத்திட்டு, பொரிக்கற நேரத்துல சவ்வு காயாம இருக்க ஹியூமிடிட்டிய 70க்கு ஏத்தினேன், மொத குஞ்சு வந்ததும் ஆசை தாங்காம மூடிய திறந்து எடுத்தேன், அடுத்தது வந்துச்சு, திரும்ப திறந்தேன். அப்படி ஒரு நாள்ல ஏழெட்டு தடவ. ஒவ்வொரு தடவையும் 70லேர்ந்து 40க்கு விழும், ஏற கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள ஓட்டை போட்டு நிக்கற மத்த முட்டைங்களோட சவ்வு காஞ்சு போச்சு. 6 குஞ்சு அப்படியே மாட்டிக்கிச்சு. பொரிச்ச குஞ்சு வயித்துக்குள்ள மஞ்சக்கரு இருக்கு, ரெண்டு நாள் தீனி தண்ணி இல்லாம தாங்கும், அவசரமே இல்லன்னு அப்ப தெரியல.

அப்புறம் ஹியூமிடிட்டி ஏறணும்னு காத்து ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க ப்ளீஸ், குஞ்சு மூச்சு விட ஆரம்பிக்கற நேரத்துலதான் காத்து அதிகமா வேணும்.

*

அண்ணா சரியான நேரத்துல இத பாத்தேன். எனக்கு இப்ப 20ம் நாள். காலைல 6 மணிக்கு ஒரு முட்டைல ஓட்டை விழுந்துச்சு, இப்ப ராத்திரி 8, அப்படியே இருக்கு. கத்துது, ஆனா ஓட்டை பெருசாகல. ஹியூமிடிட்டி 62. ஓட்ட உடைச்சு விடலாமா? கை பரபரன்னு இருக்கு.

*

வேண்டாம் தம்பி, கைய கட்டிக்கோங்க. ஓட்டை போட்டதுக்கப்புறம் 12லேர்ந்து 24 மணி நேரம் வரைக்கும் சும்மா இருக்கற மாதிரிதான் தெரியும், உள்ள சவ்வுல ஓடற ரத்தத்தையும் மஞ்சக்கருவையும் அப்பதான் உடம்புக்குள்ள இழுத்துக்குது. இப்ப உடைச்சா ரத்தம் வரும், நிறுத்த முடியாது. மூடிய திறக்காம காத்து ஓட்டை வழியா ஒரு ட்யூப் விட்டு தட்டுல வெதுவெது தண்ணி ஊத்த முடியுமா பாருங்க, 70க்கு கொண்டு வாங்க. கண்ணாடி வழியா சவ்வு நிறத்த பாருங்க, வெள்ளையா ஈரமா இருந்தா பிரச்சனை இல்ல, பழுப்பா காஞ்சு ஒட்டியிருந்தா சொல்லுங்க. சத்தம் வருதுன்னா உயிரோட இருக்கு, மூச்சு விடுது. காலைல எழுதுங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

*

சவ்வு வெள்ளையாத்தான் இருக்குங்கண்ணா. ட்யூப் வெச்சு ஊத்திட்டேன், 71 வந்திருச்சு. விளக்க அணைச்சுட்டு பக்கத்துலயே படுத்துக்கறேன்.

*

அண்ணா மணி 4.40. ஓட்ட சுத்தி வெட்ட ஆரம்பிச்சிருச்சு, பாதி வந்தாச்சு. இன்னும் மூணு முட்டைல புதுசா ஓட்டை விழுந்திருக்கு. மீட்டர் 74 காட்டுது, மூடிய தொடல.