புதுப்பிப்பு: தமிழ்99இல் எழுத்துகள் இரட்டித்த சிக்கல் தீர்ந்தது

மடிக்கணினியில் ‘மகள்’ என்று தட்டினால் ‘மக்கள்’ என்று விழுகிறது என நான் இவ்விழையில் கேட்டபோது யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

தமிழ்99 என்னும் தமிழ்த் தட்டச்சு முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே வந்துவிடும் என்பதால், நான் தொடக்கத்திலிருந்தே மென்பொருளைத்தான் சந்தேகித்தேன். விசைப்பலகையை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியும், விரைந்து மீண்டும் விழும் தட்டல்களைப் புறக்கணிக்கும் விண்டோஸ் வசதியான ஃபில்டர் கீஸ் அமைப்பை மாற்றியும் பயனில்லை. யூஎஸ்பி விசைப்பலகையை இணைத்துத் தட்டியபோது பிழை வரவில்லை. விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் பயாஸ் மென்பொருளின் கடவுச்சொல் கட்டத்திலோ கணினியின் சொந்த விசைகள் அங்கும் இரட்டித்தன. ஆகவே விண்டோஸ் மீது பழியில்லை என்பது உறுதியாயிற்று.

விடை தந்தது, கணினியை மூடிச் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா எனப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனை. ஆடியது. பழுதுபார்ப்பவர் அடிமூடியைக் கழற்றியதும், பேட்டரி தலையணைபோல் உப்பி, விசைப்பலகையைக் கீழிருந்து அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. பேட்டரியை மாற்றிய பிறகு, அதே விசைப்பலகையில் இரண்டு வாரங்களாக ஓர் எழுத்தும் இரட்டிக்கவில்லை. டச்பேட் சில மாதங்களாகச் சரியாக அழுந்தாமல் இருந்ததும் இதனால்தான் போலும்; அதுவும் சரியாகிவிட்டது.

இதே அறிகுறி உள்ளவர்கள் உடனே சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பற்றக்கூடும். பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைத்தேன்.