பாட்டு ஊசலாடுகிறது: இதற்குத் தமிழில் என்ன பெயர்?

அல்சூர், ஞாயிறு இரவு

அனைவருக்கும் வணக்கம்.

காசு போட்டால் இசைத்தட்டு பாடும் பழைய ஜூக்பாக்ஸ் பெட்டியின் ஒலியைச் சீராக்குவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். வேலை ஓரளவு நடந்துவிட்டது, ஆனால் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

பெட்டி அமெரிக்காவில் செய்தது. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் இசைத்தட்டு போடும் வகை. மூடிவிட்ட உணவு விடுதி ஒன்றிலிருந்து வாங்கினேன். முதல் நாள் போட்டபோது பாட்டைவிட உறுமல்தான் பெரிதாகக் கேட்டது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் இருந்த எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் எல்லாம் காய்ந்து போயிருந்தன. நம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து அவற்றை மாற்றியதும் உறுமல் அடங்கியது. வால்வுக்கும் வால்வுக்கும் இடையில் இருந்த காகிதக் கண்டென்சர்களில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது, அதனால்தான் குரல் கரகரத்தது. அவற்றையும் மாற்றினேன். தேய்ந்த ஊசி, கூம்பு கிழிந்த ஸ்பீக்கர் இரண்டையும் பார்த்தாயிற்று. கையேட்டில் இந்தப் பகுதிகளுக்குச் சொல் தேட வேண்டியே இருக்கவில்லை. உறுமல், சீறல், கரகரப்பு, பொரிதல் என்று நம்மிடம் ஒவ்வொரு கெட்ட சத்தத்துக்கும் பெயர் இருக்கிறது.

ஒலி தெளிந்த பிறகுதான் அடியில் கிடந்த இன்னொரு குறை மேலே வந்தது. நீளமாகப் பிடிக்கும் சுரம் நிலையாக நிற்கவில்லை. மெல்ல மேலே போய்க் கீழே இறங்கி மறுபடி மேலே போகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பத்து ஏற்ற இறக்கத்துக்குச் சரியாக 16 நொடி. இதை ஆங்கிலத்தில் ‘வாவ்’ என்கிறார்கள். அந்தச் சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். இதே ஆட்டம் நொடிக்கு நான்கைந்து தடவைக்கு மேல் வேகமாக நடந்தால் அது ‘ஃபிளட்டர்’. என் பெட்டியில் அதுவும் கொஞ்சம் உண்டு.

சராசரி வேகத்தில் பிசகு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோப் தாள் என்பது வட்டமாகக் கோடுகள் வரைந்த தாள், வேகம் சரியாக இருந்தால் மினுக்கும் விளக்கொளியில் அந்தக் கோடுகள் நிற்பது போலத் தெரியும். அப்படி ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டு, சுழலும் தட்டின் மேல் வைத்து, சோக்கு போட்ட பழைய டியூப் லைட்டின் கீழே பார்த்தேன். 45க்கான கோடுகள் அசையாமல் நின்றன.

‘ஒலிக் கம்பிதம்’ என்று வைக்கலாமா? ‘வேகத் தடுமாற்றம்’ என்றும் யோசித்தேன். பக்திப் பாட்டுத் தட்டு ஒன்றை ஓடவிட்டுப் பதிவு செய்து இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம், திங்கள் காலை

தம்பிக்கு ஆசிகள்.

கம்பிதம் வேண்டாம். அது கமகங்களில் ஒன்று. சுரத்துக்கு உயிர் கொடுக்கும் அசைவு. வீணையில் ஒரு மெட்டின் மேல் விரலை வைத்துத் தந்தியை அசைத்துக் கம்பிதம் வரவழைக்க ஒரு பிள்ளைக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை ஒரு பழுதுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

மனத்தாங்கலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது பொருந்தாது. கமகத்தில் சுரம் அசையும், பின்னால் தம்பூரா அசையாமல் நிற்கும். அது நிற்பதால்தான் இதன் அசைவு அழகாகத் தெரிகிறது. உங்கள் பதிவில் பாடகியும் அசைகிறார், தம்பூராவும் கூடவே அசைகிறது, மிருதங்கத்தின் நாதமும் அசைகிறது. தம்பூராவோடு ஒப்பிட்டால் பாடகி எங்கேயும் விலகவில்லை. ஆதார சுருதியே தரையோடு சேர்ந்து ஆடுகிறது. பாடுகிறவர் செய்யும் பிழைக்குச் ‘சுருதி விலகல்’ என்போம். இது பாடுகிறவரின் பிழை இல்லை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘சுருதி ஆட்டம்’, ‘சுருதி அலைவு’ என்ற பக்கம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பாட்டை நான் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பாடகி அதை ஐந்து கட்டையில், அதாவது ஹார்மோனியத்தின் ஐந்தாம் வெள்ளைக் கட்டைச் சுருதியில், பாடியிருக்கிறார். உங்கள் பதிவில் மூன்று கட்டைக்கும் ஒரு நூல் கீழே நிற்கிறது, குரலும் கனத்துக் கிடக்கிறது. வேகத்தில் பிசகு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி, திங்கள் மதியம்

வணக்கம். ‘வாவ்’, ‘ஃபிளட்டர்’ என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன? கண்டென்சர், ஸ்பீக்கர், மோட்டார் எல்லாவற்றையும் அப்படியேதான் எழுதுகிறோம். பழுது பார்க்கிறவர் நாளைக்கு இணையத்தில் தேட வேண்டி வந்தால் அந்தச் சொல்தான் உதவும்.

ஜாலஹள்ளி, திங்கள் இரவு

அன்புடையீர்,

முப்பது வருடம் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். மல்லேஸ்வரம் அம்மா காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். எண்ணிக்கையால் அதை உறுதிசெய்கிறேன்.

அல்சூர் தம்பி, உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் தட்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வருவது. பத்துக்கு 16 நொடி என்றால் ஒரு சுற்றுக்கு 1.6 நொடி, அதாவது நிமிடத்துக்கு 37.5 சுற்று. 45 ஆக இருந்தால் பத்துச் சுற்று பதின்மூன்றே கால் நொடிக்குச் சற்று மேலே முடிந்திருக்கும்.

காரணம் மின்சாரம். அமெரிக்காவில் அது நொடிக்கு 60 சுழற்சி, நமக்கு 50. உங்கள் பெட்டியில் இருக்கிற மாதிரி மோட்டார் அந்தச் சுழற்சியைப் பின்பற்றித்தான் ஓடும். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருப்பீர்கள். அது வோல்ட்டைக் குறைக்கும், சுழற்சியைத் தொடாது. 45ஐ ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 37.5. மூன்று நிமிடப் பாட்டு 3 நிமிடம் 36 நொடி ஓடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும், அதுதான் அம்மா சொன்ன ஐந்து கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் உள்ள தூரம் (கருப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவில் உள்ளது ஒரு அரைச்சுரம்).

அப்படியானால் ஸ்ட்ரோப் கோடுகள் எப்படி நின்றன? உங்கள் தாளில் 45க்கான வளையத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். 160 இருக்கும். அது 60 சுழற்சிக்கு வரைந்த தாள். நம் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. 160 கோடு உள்ள வளையம் அந்த ஒளியில் 37.5 சுற்றில்தான் அசையாமல் தெரியும். பெட்டியும் அமெரிக்கக் கணக்கு, தாளும் அமெரிக்கக் கணக்கு, இரண்டும் ஒரே அளவுக்குப் பிசகியதால் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கவில்லை. நம் ஊருக்கு 133 கோடு உள்ள தாள் வேண்டும். அதில் நின்றால் வேகம் 45.11, அந்தத் துளி வேறுபாடு காதுக்குத் தெரியாது.

மோட்டார் தண்டின் நுனி விட்டம் 5 மில்லிமீட்டர் இருந்தால் 6 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். பீண்யாவில் எந்த லேத் பட்டறையிலும் தண்டின் மேல் மாட்டப் பித்தளையில் ஒரு புஷ் (சிறு குழல்) கடைந்து கொடுப்பார்கள். மையம் பிசகாமல் கடையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு ஆட்டம் வந்து சேரும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘வேகத் தடுமாற்றம்’ என்று ஒரே சொல்லில் கட்டினால் மூன்று தனித்தனிக் குறைகள் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். முதல் குறைக்கு நம் ஜனங்களிடம் சொல் இருக்கிறது. டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கினால் என்ன சொல்வோம்? ‘பாட்டு இழுக்குது’. அதுதான் இது, இழுவை. மற்ற இரண்டும் வேறு. ஒரு சுற்றுக்கு ஒரு முறை மெதுவாக வருவது தட்டின் குறை, துளை மையத்தில் இல்லை. வேகமாக நடுங்குவது பெரும்பாலும் மோட்டாருக்கும் தட்டு மேடைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சக்கரத்தின் குறை. பல வருடம் ஓடாமல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும். குழந்தைகள் மேசை விசிறி முன்னால் நின்று பேசினால் குரல் உடைந்து வருமே, அந்த மாதிரிக் கேட்கும்.

அல்சூர், செவ்வாய் இரவு

எல்லாருக்கும் நன்றி. கோடுகளை எண்ணினேன். 160.

நேற்று ராத்திரி கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை. இத்தனை நாளாக அந்தப் பாடகியின் குரலை மூன்று கட்டையில் கேட்டு, பழைய பதிவின் கனம் என்று மகிழ்ந்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் விற்றவர் இது போதும் என்றார், நானும் நம்பிவிட்டேன். கையேட்டில் இதைத்தான் முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன், கண்டென்சர் எல்லாம் அப்புறம்.

ஜாலஹள்ளி ஐயா சொன்ன பிறகு தட்டின் துளையையும் பார்த்தேன். ஜூக்பாக்ஸின் தடித்த நடுக்குமிழுக்காக யாரோ சிறிய துளையைக் கையால் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். அளந்தால் அரை மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. பாட்டு முடியும் இடத்தில் ஊசி மையத்திலிருந்து ஏறத்தாழ 54 மில்லிமீட்டரில் நிற்கிறது. அரையை 54ஆல் வகுத்தால் நூற்றுக்கு 0.9, அதாவது சுருதி அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு மேலும் கீழும் போகிறது. வெளி ஓரத்தில் ஆரம் 84 மில்லிமீட்டர் என்பதால் அங்கே 0.6தான். பாட்டின் கடைசியில் ஆட்டம் கூடுவது போல எனக்குப் பட்டது கற்பனை இல்லை என்று இப்போது தெரிகிறது. இன்னொரு தட்டை, துளை ஒழுங்காக இருப்பதைப் போட்டேன். மெதுவான ஆட்டம் போய்விட்டது, வேக நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டி நண்பருக்கு: கண்டென்சர் ஒரு பொருள். கையில் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லலாம், அதற்கு எந்தப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். இது காதில் விழும் ஒரு குறை. சொல்லைக் கேட்டதும் அந்தச் சத்தம் மனதில் எழ வேண்டும், எந்தப் பாகத்தைத் திறப்பது என்றும் தெரிய வேண்டும். ‘வாவ்’ அதை ஆங்கிலக் காதுக்குச் செய்கிறது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘வாவ்’ என்றால் அவர்கள் வியந்து பாராட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தேடுவதற்கு உதவும் என்பது உண்மைதான். அதனால் கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் அந்தச் சொற்களையும் குறிப்பிடுகிறேன்.

மல்லேஸ்வரம் அம்மா சொன்னதுதான் எனக்கு வழி திறந்தது. ஆடுவது சுரம் இல்லை, சுருதி. பள்ளி இயற்பியலிலும் சுருதி என்ற சொல் இருக்கிறது, புதிதாக யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ‘அலைவு’ எல்லா வகை அதிர்வுக்கும் போய்விடும், மெதுவா வேகமா என்று சொல்லாது. ‘ஆட்டம்’ நடனத்தையும் விளையாட்டையும் நினைவுபடுத்துகிறது. ‘ஊசல்’ மெதுவாகவும் ஒழுங்காகவும் போய்த் திரும்பும், போன இடத்துக்கே மறுபடி வரும். கடிகார ஊசலைப் பார்த்தவர் யாருக்கும் இந்தக் குறை கேட்காமலே புரியும். ஆகவே சுருதியூசல். வேகமானதற்குச் சுருதி நடுக்கம். ‘படபடப்பு’ என்றும் எண்ணினேன், அது நெஞ்சுக்கு உரியதாகவே இருக்கட்டும்.

‘இழுவை’யில் மட்டும் ஒரு தயக்கம். இழுவை விசை, இழுவை வண்டி என்று பொறியியலில் வேறு பொருளில் புழங்குகிறது. ‘சுருதி இழுவை’ என்று மூன்றையும் ஒரே அச்சில் வார்க்கலாம். ஆனால் ‘பாட்டு இழுக்குது’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது கனமாகப் படுமோ?

மல்லேஸ்வரம், புதன் காலை

தம்பி, ‘பாட்டிழுவை’ என்று வையுங்கள். இழுவையில் சுருதி மட்டும் இறங்குவதில்லை, காலப்பிரமாணமும் சேர்ந்து இறங்குகிறது. தாளமும் பாட்டுக்குள் அடக்கம்தானே? ஊசலிலும் நடுக்கத்திலும் தாளத்தின் மாற்றம் காதுக்கு எட்டாது, சுருதியின் மாற்றம்தான் எட்டும். அதனால் பெயர்கள் ஒரே அச்சில் இல்லாததே சரி.

அல்சூர், புதன் இரவு

ஏற்றுக்கொண்டேன், அம்மா. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

பாட்டிழுவை என்பது தட்டு தன் முறையான வேகத்துக்குக் குறைவாக ஒரே சீராகச் சுழல்வதால் சுருதியும் தாளமும் சேர்ந்து இறங்கி ஒலிப்பது. முதலில் மின்சாரத்தின் சுழற்சியையும் மோட்டார் தண்டின் விட்டத்தையும் பார்க்க. சுருதியூசல் என்பது சுருதி மெதுவாக ஏறி இறங்குவது. தட்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வந்தால் துளையின் மையத்தைப் பார்க்க. சுருதி நடுக்கம் என்பது சுருதி நொடிக்குப் பல முறை ஏறி இறங்குவது. ரப்பர் சக்கரத்தையும் மோட்டார் தண்டையும் பார்க்க.

இட்லர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த ரப்பர் சக்கரத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

ஜாலஹள்ளி, புதன் இரவு

சக்கரத்தைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள், தம்பி. பள்ளம் ஆழமில்லை என்றால் உப்புத்தாளில் ஓட்டிச் சமன் செய்துவிடலாம். தண்டின் அளவையும் வெர்னியரில் எடுத்து வாருங்கள், பட்டறைக்குச் சேர்ந்தே போவோம்.