பெட்டிக்குள் கிடக்கும் உறுதிகளும் நம் குறிச்சியின் வரலாறும்

அன்பான உறவுகளுக்கு,

ஊர் வரலாறு எழுதுவோம் என்றதும் கும்பாபிஷேக மலரையும் பள்ளிக்கூட ஆண்டு மலரையும் தேடத் தொடங்கிவிடுகிறோம். அவையும் வேண்டும்தான். ஆனால் யாழ்ப்பாணப் பட்டினத்தை ஒட்டிய கொக்குவில், கோண்டாவில் பக்கத்துக் குறிச்சிகளில் யாருக்கு யார் அயல், எந்தக் கிணற்றில் யார் யார் இறைத்தார்கள் என்பதெல்லாம் காணி உறுதிகளில், அதாவது நிலப் பத்திரங்களில்தான் எழுதிக் கிடக்கிறது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரினால் இந்தக் குறிச்சிகள் உள்ள வலிகாமமே இடம்பெயர்ந்தபோது பலர் கையோடு கொண்டுபோனது அந்த உறுதிக் கட்டைத்தான். இன்று அவை ரொறன்ரோவிலும் லண்டனிலும் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றின் படங்களையும் விபரங்களையும் ஊர் வரலாற்றுக்காக எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

உறுதியில் முதலில் காணிப் பெயரைப் பாருங்கள். 'கலட்டி' என்று முடிந்தால் கல் நிலம், 'பள்ளம்' என்றால் மழைநீர் தங்கும் தாழ்ந்த நிலம். கொக்குவில், இணுவில், உடுவில் எல்லாவற்றிலும் உள்ள 'வில்' நீர்நிலைதான். இப்போது மதிலும் மாடிவீடுமாக நிற்கும் இடம் ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்பதை அந்தப் பெயர் ஒன்றே சொல்லிவிடும்.

அடுத்தது பரப்பளவு. அதிகம் பிழை விடுவது இங்கேதான். காணியை லாச்சம், குழி என்ற அளவுகளில் குறிப்பார்கள். வரகு விதைப்புக் கணக்கில் ஒரு லாச்சம் 18 குழி, அதாவது 10 பேர்ச். நெல் விதைப்புக் கணக்கில் ஒரு லாச்சம் 12 குழிதான். 160 பேர்ச் கொண்ட ஏக்கருக்கு முன்னது 16 லாச்சம், பின்னது 24. '4 லாச்சம்' என்று மட்டும் குறித்து அனுப்பினால் அது 40 பேர்ச்சா, 27க்கும் சற்றுக் குறைவா என்று தெரியாது. 'வரகு' அல்லது 'நெல்' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

நாலு எல்லையும் வரலாற்றுக்குப் பொன் போன்றவை. பக்கத்துப் பக்கத்து உறுதிகள் ஐந்தாறு கிடைத்தால் ஓர் ஒழுங்கையின் இரு பக்கத்தையும் வரைந்துவிடலாம். ஆனால் எல்லைக்காரர் பெயரைப் பழைய உறுதியிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கம் இருந்தது. 1950இல் எழுதிய உறுதியில் வரும் அயலவர் அதற்கு ஒரு தலைமுறை முந்தியவராகவும் இருக்கலாம். ஆகவே தாய் உறுதியின், அதாவது அதற்கு முந்திய மூல உறுதியின், இலக்கமும் திகதியும் தேவை.

சீதன உறுதிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி பெண்ணுக்குக் காணி போவதால், எந்தக் குறிச்சிக்கும் எந்தக் குறிச்சிக்கும் கலியாணத் தொடர்பு இருந்தது என்பதை அவற்றிலிருந்தே கோத்தெடுக்கலாம். கோயில் மலர்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்தான் வரும். இங்கே பெண்களின் பெயர் முழுதாக நிற்கும்.

மடிப்பில் கிழிந்திருந்தால் செலோரேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். லமினேற்றும் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஒருநாள் தட்டையாக விரித்து வைத்து, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். ஸ்கானர் இருந்தால் 300 டிபிஐ போதும். பின்பக்கத்தை விடவே கூடாது. காணிப் பதிவகத்தின் முத்திரையும் பதிவு எண்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூல உறுதி தொலைந்துபோனாலும் அந்த எண்கள் இருந்தால் பதிவகத்தில் பிரதி தேடலாம். உறுதி எழுதிய நொத்தாரிசு ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார்.

விலையையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்து அனுப்புங்கள். வழக்கில் இருக்கும் காணியின் உறுதியை அனுப்பவே வேண்டாம்.

இன்னொன்று. உறுதியின் கடைசி வரிகளில் கிணற்றில் இத்தனை பங்கு, துலா (தண்ணீர் இறைக்கும் ஏற்றம்) மிதிக்கும் இடம், வழி, வாய்க்கால் என்று வரும். எட்டில் ஒரு பங்கு என்றிருந்தால் மற்ற ஏழு பங்கும் வேறு உறுதிகளில் இருக்கும். முறை வைத்து இறைத்தவர்கள், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள், கோடையில் ஒன்றாகக் கிணறு இறைத்துச் சேறு அள்ளியவர்கள் அவர்கள்தான். துலா போய் மோட்டர் வந்து, பல கிணறுகள் தூர்ந்தும் விட்டன. அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் அனுப்பிவையுங்கள்.