பனங்கட்டித் தாச்சியில் வெப்பமானிக்குத் துளையிடலாமா? (அவசரம்)

பூநகரி மகன்:
வணக்கம். பனங்கட்டி காய்ச்சும் தாச்சியில் வெப்பமானி பொருத்தப் போகிறேன். நாளை காலை பரந்தனில் உள்ள வெல்டிங் கடைக்குத் தாச்சியைக் கொண்டுபோகிறேன். பக்கச் சுவரில் எந்த உயரத்தில் துளையிடச் சொல்வது? இதுவரை அம்மாதான் பதம் பார்த்தார். இப்போது கண்புரை, பாகின் நிறம் தெரியவில்லை. இந்த வாரம் ஒரு நாள் கருகியது. இரண்டு நாள், பாகு ஊற்றும் பனையோலைக் குட்டானுக்குள் இறுகாமல் களியாகக் கிடந்தது.

மல்லாவி அக்கா:
தம்பி, எத்தனை லீற்றர் காய்ச்சுகிறீர்கள்? தாச்சி இரும்பா, அலுமினியமா? வெப்பமானி எத்தனை பாகை வரை காட்டும்? இவை தெரியாமல் உயரம் சொல்ல முடியாது.

முழங்காவில்:
எனக்குச் சுண்ணாம்பில்தான் சந்தேகம். பனஞ்சாறு பிடிக்க மரத்தில் கட்டும் முட்டியில் சுண்ணாம்பு குறைந்தால், அந்தச் சாறான கருப்பநீர் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். புளித்ததை எந்தச் சூட்டில் இறக்கினாலும் ஒழுங்காகக் கட்டியாகாது. முட்டிகளைத் தினமும் கழுவிக் காயவைத்துப் புதிதாகச் சுண்ணாம்பு பூசுகிறீர்களா?

பனையடி:
தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டிப் பார்க்கத் தெரியாதவர் தாச்சியை அடுப்பில் வைக்கக் கூடாது. எங்கள் அப்பு வெப்பமானியைக் கண்ணாலும் கண்டதில்லை. இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். பழையவற்றைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

மல்லாவி அக்கா:
அண்ணை, அவருடைய அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்றுதானே எழுதியிருக்கிறார். முதலில் அதை வாசியுங்கள்.

பூநகரி மகன்:
40 லீற்றர். அலுமினியம். விறகடுப்பு. வெப்பமானி 100 வரை.

வவுனிக்குளம்:
100 வரை காட்டுவது இந்த வேலைக்கு உதவாது, தம்பி. தண்ணீர் கொதிப்பதே 100 பாகையில். சீனிச்சத்து தடிக்கத் தடிக்கக் கொதிநிலை ஏறும். நீரில் பெரும்பங்கு வற்றும் வரை முள் 100க்குச் சற்று மேலே அசையாமல் நிற்கும். கடைசியில் விறுவிறுவென்று ஏறும். கட்டியாகும் பதம் 115க்கும் 120க்கும் இடையில். அந்த நேரத்தில் சுவாலையைக் குறைக்காவிட்டால் கருகிவிடும். 150க்கு மேல் காட்டுவதாக ஒன்று வாங்குங்கள்.

துளையும் வேண்டாம். 40 லீற்றர் வற்றி இறக்கும்போது அடியில் எவ்வளவு பாகு நிற்கும்? நாலு விரற்கடை இருக்குமா? பக்கத்தில் பொருத்திய தண்டு அதற்கு முன்பே வெளியே வந்து ஆவியைத்தான் அளக்கும். இன்னும் கீழே துளைத்தால் தண்டைச் சுற்றிப் பாகு ஒட்டித் தீயும். துழாவும்போது அகப்பையும் தட்டும். நீளக் கம்பி வெப்பமானியை அகப்பைக் காம்பில் கட்டுங்கள். நுனி அடியில் முட்டாமல் ஒரு விரல் மேலே நிற்கட்டும். அதற்கு முன் கொதிநீரில் பிடித்து 100 காட்டுகிறதா என்று பாருங்கள்.

மாங்குளத்தான்:
ஒரு கிலோ சீனி போட்டால் எல்லாம் இறுகும்.

முழங்காவில்:
சீனி கலந்ததைப் பனங்கட்டி என்று விற்பது களவு.

மாங்குளத்தான்:
சந்தையில் யார் கலக்காமல் விற்கிறார்கள்? கருப்பநீர் குறையும் நாட்களில் சீவல் தொழிலாளிக்குக் கூலி யார் கொடுப்பது?

முழங்காவில்:
கலந்தால் கலந்தது என்று சொல்லி விற்கட்டும். சுத்தமாகக் காய்ச்சுகிறவனின் விலையையும் சேர்த்து விழுத்துகிறீர்கள். விடியப் பனையேறுகிறவன் வயிற்றில்தான் அந்த அடி விழுகிறது.

பனையடி:
சீனியைப் பற்றி நான் முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன்.

மல்லாவி அக்கா:
அதை வேறாகப் பேசுங்கள். தம்பி, என்ன ஆயிற்று?

(ஐந்து நாட்களுக்குப் பிறகு)

பூநகரி மகன்:
துளையிடவில்லை. 200 வரை காட்டும் கம்பி வெப்பமானி வாங்கிக் காம்பில் கட்டினேன். 112 ஆனதும் விறகை இழுத்துவிட்டு, தண்ணீர்ச் சிரட்டையில் துளி விட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டினார். மூன்றாவது துளியில் "இறக்கு" என்றார். முள் 117. மறுநாளும் 117. இரண்டு நாளும் குட்டான் இறுகியது. முட்டிகளுக்கும் புதுச் சுண்ணாம்பு பூசினோம், முழங்காவில் அண்ணை. கருப்பநீர் வந்துவிட்டது, போகிறேன்.