துரையின் பெயர் எங்கும் இருக்கிறது

எங்கள் அம்மாச்சியின் தாத்தா கோப்பித் தோட்டத்துத் துரை, ஸ்கொட்லாந்துக்காரர் என்பது வீட்டில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்பட்ட விஷயம். அதற்கு ஆதாரமாக ஒரு பழைய வேதாகமம் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தும், கின்கார்டின்ஷயரில் ஒரு ஊரின் பெயரும். இலங்கையில் முதன்முதலில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

இலங்கையில் எங்கள் துரையைக் கண்டுபிடிக்க, தோட்டங்களைப் பட்டியலிட்டு அந்தக் காலத்தில் அச்சான ஃபெர்குசன் டைரக்டரியே போதும். தோட்டத்தின் பெயருக்கு நேரே துரையின் பெயர் அச்சாகியிருக்கும். வருட வரிசையில் புரட்டிக்கொண்டே போனால் எங்கிருந்து எங்கே மாறினார் என்று தெரிந்துவிடும். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் துரை ஒரு தோட்டத்திலும் நிலைக்கவில்லை.

ஸ்கொட்லாந்துப் பதிவுகளைப் பார்த்து அசந்துபோனேன். அங்கே 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாமே அரசாங்கப் பதிவு. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயர் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. துரையின் தாய் இறந்த பதிவு ஒன்று கிடைத்தது. அதனாலேயே இன்னொரு தலைமுறை பின்னால் போக முடிந்தது. 1855க்கு முந்தியதற்குப் பழைய தேவாலயப் பதிவேடுகள். எல்லாம் 'ஸ்கொட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் இருக்கின்றன. 1861 குடிசன மதிப்பில் சன்னல் உள்ள அறை எத்தனை என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஏர் ஓட்டிக் கூலி வாங்கிய அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு அறை. இங்கே பங்களாவில் இருந்தவர் அந்த அறையில் வளர்ந்தவர்.

தேவாலய மூப்பர் சபையின் குறிப்புகளையும் தவறாமல் படியுங்கள். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளைச் சபை முன் நிறுத்தி, தகப்பன் யாரென்று சொல்ல வைத்து எழுதிக்கொண்டார்கள். கொடுமையான விசாரணைதான். ஆனாலும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் ஏட்டில் ஏறியது. துரை பிறந்த ஊரில் கேட்ட அந்தக் கேள்வியைக் கண்டியில் யாரும் கேட்கவில்லை. அம்மாச்சியின் தாயாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஏட்டில் தகப்பன் இடம் வெறுமை. தாய்க்கு ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, ஒற்றைப் பெயர் மட்டும்.

உறவை உறுதிசெய்தது மரபணுப் பரிசோதனை. துரையின் தங்கை நியூசிலாந்துக்குக் குடிபோனவர். அவர் வம்சத்து ஆட்களோடு என் அம்மாவின் முடிவு பொருந்தியது. அன்பாகப் பேசினார்கள், படங்கள்கூட அனுப்பினார்கள். வெளிநாட்டில் இறந்தவர்களுக்கு ஸ்கொட்லாந்தில் சொத்து இருந்தால் அதன் பத்திரம் எடின்பரோ நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும். துரையுடையதும் இருந்தது. குதிரை, சேணம், கடிகாரம் வரைக்கும் விலை போட்டிருந்தார்கள். அவருக்குப் பிள்ளை பெற்ற எங்கள் பாட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

துரையின் வம்சத்தில் நான்கு தலைமுறை இப்போது என் கையில் இருக்கிறது. தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கூட்டம் ஒன்றில்தான் அந்தப் பாட்டியும் வந்திருக்க வேண்டும். ஆள் கூட்டி வந்த எந்தக் கங்காணியோடு, எந்த ஊரிலிருந்து என்பதைத்தான் இனித் தேட வேண்டும். 1870களின் செக்ரோலோ (தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவேடு), கங்காணி கடன் எழுதிய கணக்குப் புத்தகமோ யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பெண்டுகளுக்குப் பேர் போட்ட பக்கங்களின் படம் கிடைத்தால் போதும்.