ஒகேனக்கல் பாறை மேல ஏறுது: வேலை கண்ணோடதா, மூளையோடதா?

பென்னாகரத்தான்:
ஒகேனக்கல் போறவங்க இதைச் செஞ்சு பாருங்க. தண்ணி விழற ஒரே இடத்த ஒரு நிமிஷம் கண்ணை நகர்த்தாம பாருங்க. உடனே பக்கத்துப் பாறையப் பாருங்க. பாறை மெதுவா மேல ஏறும், ஆனா இருந்த இடத்துலயே இருக்கும்! 1834-லயே ராபர்ட் ஆடம்ஸ்ங்கறவர் ஸ்காட்லாந்துல ஃபாயர்ஸ் அருவிகிட்ட இதைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். மூளை பண்ற வேலை இது.

ஓசூர்க்காரன்:
எண்ணெய் மசாஜ் பண்ணவர் மண்டையில தட்டுன தட்டு அப்படிங்க 😄

பாலக்கோட்டான்:
மூளை எங்க வந்துச்சு? தண்ணி கூடவே கண்ணும் நம்மளை அறியாம கீழ இறங்குது. பார்வைய மாத்தின பிறகும் அது நிக்கல, அவ்ளோதான். அந்த ஆடம்ஸே கண் அசைவுன்னுதான் விளக்கம் சொன்னார்.

பென்னாகரத்தான்:
சொன்னார், சரி. கண்ணு அசைஞ்சா பார்வையில இருக்கறது மொத்தமும்ல அசையணும்? தண்ணி தெரிஞ்ச பரப்பு மட்டும்தானே ஏறுது. இன்னொண்ணு, அட்டையில சுருள் கோடு வரைஞ்சு, விரியற மாதிரி சுத்தவிட்டுப் பாருங்க. நிறுத்தினதும் எல்லாப் பக்கமும் உள்ள சுருங்கும். கண்ணு ஒரே நேரத்துல எட்டுத் திக்கும் ஓடுமாங்க?

கீழ போற அசைவுக்குன்னு தனி நரம்பு செல் இருக்கு, மேல போறதுக்குத் தனி. ஒரு நிமிஷம் விடாம வேலை செஞ்சதுல கீழ்ச் செல் அடங்கிடுது. அப்ப சும்மா நிக்கற பாறையப் பார்த்தாலும் மேல்ச் செல் பக்கம் கை ஓங்கிடுது.

பாலக்கோட்டான்:
அந்தச் செல் விழித்திரையிலயே இருக்கலாமே? 1963-ல பார்லோவும் ஹில்லும் முயலோட விழித்திரையில இதே மாதிரி அடங்கறத அளந்திருக்காங்க. கண்ணுதான்!

பென்னாகரத்தான்:
அது முயல்ங்க. நீங்க வலது கண்ணால மட்டும் அருவியப் பாருங்க, அப்புறம் அதை மூடி இடது கண்ணால பாறையப் பாருங்க. அப்பவும் ஏறும். ரெண்டு கண்ணோட சேதியும் சேர்ற இடம் பின்மண்டையில இருக்கற மூளைப் புறணி.

பாலக்கோட்டான்:
ஆனா லேசாத்தான ஏறும்? மிச்சம் எங்க போச்சு?

பென்னாகரத்தான்:
புறணியிலயே ஒத்தக் கண்ணுக்கு மட்டும் வேலை செய்யற செல்லும் இருக்கே, அதுல.

பாலக்கோட்டான்:
எதைக் கேட்டாலும் அதுக்கொரு செல் வெச்சிருக்கீங்க.

லாரி மணி:
சண்டைய விடுங்கப்பா. கிருஷ்ணகிரில இருந்து நாலுவழிச் சாலையில ஒரே வேகமா வந்து தொப்பூர் கணவாய்ல இறங்குறப்ப, வேகத்தக் குறைச்சா வண்டி ஊர்ற மாதிரி இருக்கும். மீட்டரப் பார்த்தா அறுபது. இதுவும் அந்தக் கதைதானா?

பென்னாகரத்தான்:
ஆமாண்ணே, அதே குடும்பம். வேகத்துக்குப் பழகின பார்வை, உண்மை வேகத்தக் குறைச்சுத்தான் காட்டும்.

ஓசூர்க்காரன்:
டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டுட்டு, மூளைச் செல் மேல பழி போடுவாங்க பாருங்க இனி.

லாரி மணி:
நியூட்ரல்ல விடறவனுக்கு நான் வக்காலத்து வாங்கல தம்பி. கியர்லயே இறங்கறவனும் மீட்டரப் பார்க்கணும்ங்கறேன். வெளிய பார்த்து வேகத்தக் கணிக்கறதெல்லாம் அந்த இறக்கத்துல ஆகாது.