1974 ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்: கொலகாரன் யாருன்னு தெரிஞ்சும் எப்படிங்க ரசிக்கிறீங்க? (ஃபுல் ஸ்பாய்லர்)

மொட்டைமாடி மணி:

மொதல்லயே சொல்லிடறேன், முடிவு எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன், பாக்காதவங்க இத்தோட எஸ்கேப் ஆயிடுங்க. நான் 2017-ல கென்னத் பிரானா எடுத்த மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ தியேட்டர்ல பாத்தவன். அகதா கிறிஸ்டியோட புக்கெல்லாம் படிச்சதில்ல, அதனால ஒரு கொழந்தைய கடத்திக் கொன்னவன ரயில்ல மொத்த கோச்சும் சேர்ந்துதான் பழிக்குப் பழியா குத்திருக்குன்னு தெரிஞ்சப்போ ஆடிப் போயிட்டேன். போன வாரம் ஆபீஸ்ல ஒருத்தர் "அதெல்லாம் ஒரு படமா, 1974-ல சிட்னி லூமெட் எடுத்தத பாரு"ன்னு உசுப்பேத்தி விட்டாரு, ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு வீட்டம்மாவும் நானும் உக்காந்தோம். அவங்க அரை மணி நேரத்துல கொறட்டை. நான் கடைசி வரைக்கும் பாத்தேன், ஆனா மனசுல கொஞ்சம் கொறை இருக்கு.

ஸ்டார் லிஸ்ட்ட பாத்தா தல சுத்துது. ஷான் கானரி, இங்க்ரிட் பெர்க்மன், லாரன் பக்கால், அந்தோணி பெர்கின்ஸ், வனெஸா ரெட்கிரேவ், ஜான் கீல்கட்னு ஒரு ஊரே ரயில்ல ஏறுது. ஆனா ஏறுறதுக்கே எவ்ளோ நேரம் எடுத்துக்கறாங்க! அப்புறம் கொல விழுந்ததும் ரேஷன் கடை க்யூ மாதிரி ஒவ்வொருத்தரா உள்ள வர்றாங்க, துப்பறிவாளர் பொய்ரோ கேள்வி கேக்கறாரு, போறாங்க, அடுத்த ஆளு. பொய்ரோவா வர்ற அந்த ஆல்பர்ட் ஃபின்னி வேற கழுத்தே இல்லாம தலைல எண்ணெய வழிச்சு வாரிக்கிட்டு காதுல கத்தறாரு. பெர்க்மனுக்கு இந்தப் படத்துக்கு ஆஸ்கார் வேறயாம், அவங்க பேசறதே அஞ்சு நிமிஷம் இருக்குமா?

இன்னொரு டவுட்டு. குத்து பன்னெண்டுன்னு சொல்றாங்க, நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், ஆளுங்க பதிமூணு வருது. யாரு கணக்கு தப்பு, எனதா அவங்களதா?

பழைய ரீல்:

மணி அண்ணே, கணக்குல பிசகு இல்ல. கவுண்ட் ஆண்ட்ரெனியும் அவரு சம்சாரமும் (மைக்கேல் யார்க், ஜாக்குலின் பிஸெட்) ஒரே கத்திய சேர்ந்து புடிச்சு ஒரு குத்து, அங்கதான் பதிமூணு பன்னெண்டாவுது. புக்குல அந்தப் பொண்ணு கத்தியவே தொடாது, புருஷன் அவளுக்குப் பதிலா குத்துவாரு. படத்துல ரெண்டு பேரையும் சேத்து விட்டாங்க, எனக்கு படத்துல வர்றதுதான் புடிக்கும்.

ஸ்லோன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் நான் சண்டைக்கு வருவேன். நாம கொல மர்மப் படம் பாக்கும்போது எப்படி கண்டுபிடிப்போம்? ஒரு பெரிய நடிகரு சம்பந்தமே இல்லாத ஒரு துக்கடா ரோல்ல வந்து நின்னா "இவனுக்கு சும்மாவா சம்பளம் குடுத்துருப்பாங்க, இவன்தான்டா"ன்னு இன்டர்வெலுக்கு முன்னாடியே சொல்லிடுவோம்ல. இந்தப் படத்துல அந்த குறுக்கு வழி வேலைக்கே ஆவாது, ஏன்னா டீ கொண்டு வர்ற வேலக்காரன் கூட ஜான் கீல்கட்! எல்லா மூஞ்சியும் பெரிய மூஞ்சி, அதனால எந்த மூஞ்சியும் காட்டிக் குடுக்காது. கடைசில பாத்தா நீங்க யார சந்தேகப்பட்டிருந்தாலும் சரிதான். ஸ்டார்ங்கள போஸ்டருக்காக மட்டும் குமிச்சு வெக்கல, கதையோட முடிச்சே அதுலதான் ஒளிஞ்சிருக்கு. இந்த ஏறுற சீன்ல ஒவ்வொருத்தரையும் நின்னு நிதானமா காட்டறதும் அதுக்குத்தான்னு நான் நெனைக்கிறேன். அப்புறம் எஞ்சின் ஹெட்லைட் பட்டுன்னு எரிஞ்சு இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்னி பென்னட்டோட வால்ட்ஸ் மியூசிக் ஸ்டார்ட் ஆகும் பாருங்க, கொலகாரக் கூட்டம் கெளம்புதுன்னு தெரிஞ்சும் எனக்கு டிக்கெட் எடுத்து ஏறிடலாமான்னு இருக்கும்.

பெர்க்மன் சீன மறுபடி போட்டுப் பாருங்க, இந்த தடவ கட் எங்க வருதுன்னு மட்டும் பாருங்க. வராது. கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம், ஒரே டேக், கேமரா அந்த அம்மா மூஞ்சிய விட்டு நகராது. இத்தனைக்கும் அவங்களுக்கு மொதல்ல குடுத்தது ரஷ்ய இளவரசி ரோலு, வேணாம் இந்த பயந்த ஸ்வீடன் மிஷனரியே போதும்னு கேட்டு வாங்கிருக்காங்க. அவங்களுக்கு அது மூணாவது ஆஸ்கார். மேடைல ஏறி, போட்டில இருந்த வாலண்டினா கோர்டீஸுக்குத்தான் இது போயிருக்கணும்னு சொன்னாங்க, அதனால நீங்களும் அவங்களும் ஒரே கட்சின்னு வெச்சிக்கலாம் :)

ஜன்னலோர சீட்:

பழைய ரீல் சொன்னதோட ஒண்ண சேத்துக்கறேன். லூமெட்டோட மொத படம் என்ன? 1957-ல வந்த 12 ஆங்ரி மென். ஒரு ரூம், பன்னெண்டு ஜூரி, ஒரு பையனுக்கு மரண தண்டனையா இல்லையான்னு வாக்குவாதம். பதினேழு வருஷம் கழிச்சு அதே மனுஷன் ஒரு ரயில் பெட்டி, பன்னெண்டு குத்துன்னு எடுக்கறாரு. அதுலயும் கர்னல் ஆர்பத்நாட்டா வர்ற கானரி, பன்னெண்டு பேரு உக்காந்து தீர்ப்பு சொல்ற ஜூரி முறைதான் சரியானதுன்னு போற போக்குல ஒரு டயலாக் விடுவாரு. மொத தடவ பாக்கும்போது வெள்ளக்கார ராணுவ வீம்புன்னு விட்டுட்டேன், ரெண்டாவது தடவ பாக்கும்போது மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு, ஏன்னா அந்தாளு வாக்குமூலமே குடுத்துட்டான், பொய்ரோவும் நம்மளும்தான் கவனிக்கல. (பொய்ரோ கவனிச்சிருப்பாரு.) ஒரு படத்துல ஜூரி அந்தப் பையன காப்பாத்துது, இன்னொண்ணுல ஜூரியே கத்திய எடுத்துக்குது. ரயில் கம்பெனி டைரக்டரா வந்து ஒவ்வொருத்தரையும் விசாரிச்சு முடிச்சதும் "இவன்தான் கொலகாரன்"னு குதிக்கிறாரே மார்ட்டின் பால்சம், அவருதான் அந்தப் படத்துல ஒண்ணாம் நம்பர் ஜூரி.

அதே பால்சமும் அந்தோணி பெர்கின்ஸும் ஹிட்ச்காக்கோட சைக்கோலயும் சேந்து நடிச்சவங்க, அங்க மாடிப்படில குத்து வாங்கற துப்பறிவாளர் பால்சம்தான். இங்க பெர்கின்ஸ் மறுபடியும் அம்மா ஞாபகத்துல உருகற பையனா வர்றாரு, வேணும்னே பண்ண குசும்பு மாதிரிதான் எனக்குத் தோணுது.

மணி சொன்ன ஃபின்னி கத்தல் மட்டும் நானும் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, அவருக்கு அப்ப வயசு 38-க்குள்ளதான், ஒடம்புல பஞ்சு அடைச்சு மேக்கப் போட்டு அவ்ளோ பெரிய மனுஷனா ஆக்கிருக்காங்க. கடைசில எல்லாரையும் சாப்பாட்டுப் பெட்டில உக்கார வெச்சு பேசற பேச்சு இருக்கே, அதுல அவரு கத்தறது மத்தவங்க மூஞ்சிய ஆட வெக்கத்தான், அங்க அவர பாக்காம கேக்கறவங்கள பாருங்க.

ரயிலடி ராணி:

நான் 2017 கட்சி, கல்லெடுக்காதீங்க. பழசு நல்ல படம்தான், ஆனா அந்த மிஷனரி அம்மா ஆப்பிரிக்காவுல தன்னவிட பின்தங்குன பழுப்பு கலர் கொழந்தைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்கறதா பேசறத நீங்கல்லாம் ஒத்த டேக், ஒத்த டேக்னு ரசிக்கறீங்க, எனக்கு அந்த எடத்துல சீட்டுல நெளியத்தான் தோணுச்சு. அந்த கேரக்டரே அப்படித்தான், தெரியும், நடிப்ப கொற சொல்லல. புதுசுல அந்த கர்னலையும் டாக்டரையும் ஒண்ணாக்கி லெஸ்லி ஓடம் ஜூனியர போட்டாங்க, கறுப்பு டாக்டரு மேல அந்த பெட்டில யாரு மொதல்ல சந்தேகப்படுவாங்கன்னு ஒரு புது டென்ஷன் வந்துச்சு. மிஷெல் ஃபைஃபரும் கடைசில உண்மையா அழுதாங்க.

ஆனா பொய்ரோ பாலத்துக்கு அடில ஓடிப் புடிச்சு வெளாடறத மட்டும் மன்னிக்க முடியாது. அவருக்கு ரெண்டு முட்டை ஒரே சைஸ்ல இல்லன்னாலே சாப்பாடு எறங்காது, அவர போய் துரத்த வெச்சிருக்காங்க. அந்த மீசை... ஒரு மீசைக்கு மேல இன்னொரு மீசை. அகதா கிறிஸ்டி 1974 படத்துக்கே மீசை சரியில்லன்னு கொறைப்பட்டவங்க, இத பாத்திருந்தா என்ன சொல்லிருப்பாங்களோ.

பனிக்காடு:

நான் கனடாவில இருந்து எழுதுறன். நீங்கள் ரெண்டு படத்தையும் வச்சு அடிபடுறியள், 2010ல டேவிட் சூசே நடிச்சு ரீவியில வந்ததப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. எனக்கு அதுதான் மனசில நிக்குது. அதில பொய்ரோ செபமாலையோட திரியிற கத்தோலிக்கன், கொலை செய்தவைய விடுறதோ பிடிச்சுக் குடுக்கிறதோ எண்டு அந்த மனுசன் வெந்து போறார், கடைசியில பனிக்குள்ள செபமாலையைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நடக்கேக்க கண் கலங்கியிருக்கும். லூமெட்டின்ர படத்தில என்ன நடக்குது? கொலை செய்த ஆக்கள் எல்லாம் ஷாம்பெயின் கிளாசை எடுத்து ஒருத்தரோட ஒருத்தர் முட்டி கலியாண வீடு மாதிரிக் கொண்டாடுகினம். பொய்ரோ தன்ர மனச்சாட்சியோட மல்லுக்கட்டப் போறன் எண்டு ஒரு வசனத்தில முடிச்சுப்போட்டுப் போயிடுறார். ஒரு மனுசனைப் படுக்கையில மருந்து குடுத்து மயக்கிக் குத்தினதுக்கு இவ்வளவு சந்தோசமோ? படம் வடிவான படம், அதில கதை இல்லை. ஆனா அந்தக் கிளாஸ் சத்தம் எனக்குச் சரிவரேல்ல.

பழைய ரீல்:

பனிக்காடு, நல்ல எடத்துல கை வெச்சீங்க. எனக்கும் அந்த ஷாம்பெயின் கொஞ்ச நாள் உறுத்திச்சு. ஆனா அந்தக் கதை எப்ப எழுதுனதுன்னு பாத்தா வேற மாதிரி தெரியுது. 1932 மார்ச்ல அமெரிக்காவுல விமானி லிண்ட்பெர்கோட கொழந்தைய தூக்கிட்டுப் போயிட்டாங்க, காசும் குடுத்தாங்க, மே மாசம் கொழந்தையோட ஒடம்புதான் கெடச்சுது. அந்த அம்மாவோட பொறந்த வீட்ல வேல செஞ்ச ஒரு பொண்ண போலீஸ் திரும்பத் திரும்ப விசாரிச்சு, அது தாங்காம விஷம் குடிச்சு செத்துப் போச்சு. படத்துல கண்டக்டர் பியரோட மக கதை கிட்டத்தட்ட இதுதான். புக்கு வந்தது 1934 ஜனவரி, அந்தக் கேஸ்ல ஒருத்தன புடிச்சதே 1934 செப்டம்பர்ல. அதாவது அத வாங்கிப் படிச்ச ஜனங்களுக்கு கொழந்தைய கொன்னவன் எங்கயோ நல்லா சாப்பிட்டுத் தூங்கறான்னு மட்டும்தான் தெரியும். லூமெட் ஆரம்பத்துல பேச்சே இல்லாம பேப்பர் செய்திங்கள காட்டி கதையில வர்ற கொழந்த கடத்தல சொல்லிடறாரு பாருங்க, அந்த கோவத்த மொதல்லயே நம்ம மேல எறக்கி வெச்சிடறாரு.

அந்த கிளாஸ் முட்டறதுலயும் நல்லா பாருங்க, எல்லாரும் வந்து முட்டறது லாரன் பக்கால் கிட்டயும் பிஸெட் கிட்டயும்தான். கொழந்தையோட பாட்டி, சித்தி. வந்தவங்க துக்கம் விசாரிச்சிட்டுப் போற மாதிரிதான் எனக்கு இப்பல்லாம் தெரியுது. நீங்க கலியாணம்ங்கறீங்க, நான் கருமாதிங்கறேன்.

பனிக்காடு:

ம்ம், அப்பிடி நான் யோசிக்கேல்ல. எண்டாலும் சூசேன்ர கண்ணீர விட்டுக்குடுக்க மாட்டன்.

மொட்டைமாடி மணி:

எல்லாருக்கும் தேங்க்ஸ். நேத்து ராத்திரி மறுபடி போட்டேன், முழுசா இல்ல, பெர்க்மன் சீனும் கடைசி அரை மணி நேரமும் மட்டும். கட் இல்லங்கறது உண்மைதான், நான் மொத தடவ அத கவனிக்கவே இல்ல, அவங்க கை ரெண்டும் என்ன பண்றதுன்னு தெரியாம அலையறததான் பாத்துட்டு இருந்திருக்கேன். ஜன்னலோர சீட் சொன்ன மாதிரி ஃபின்னிய விட்டுட்டு கேக்கறவங்கள பாத்தேன், கீல்கட் ஒரு மூஞ்சி வெச்சிருக்காரு பாருங்க, இஸ்திரி போட்ட மாதிரி. பக்கால் அவ்ளோ நேரம் லொடலொடன்னு பேசிட்டு இருந்தவங்க கப்சிப்னு ஆயிடறாங்க. இவங்கல்லாம் படம் பூரா பொய்ரோ முன்னாடி நடிச்சிட்டு இருந்தவங்கங்கறது கதை தெரிஞ்சு பாத்தாதான் புரியுது. ஃபின்னி கத்தல் இன்னமும் கத்தல்தான்.

ரயிலடி ராணி சொன்ன முட்டை மேட்டர எங்க வீட்டம்மா கிட்ட சொன்னேன், "உங்கள மாதிரி ஒரு ஆளு படத்துலயும் இருக்கானா"ன்னு கேட்டுட்டு அவங்களே பாக்கணும்னு சொல்லிட்டாங்க, அதனால வர்ற ஞாயிறு மூணாவது ரவுண்டு, இந்த தடவ சாப்பாட்டுக்கு முன்னாடி.

அடுத்து 1978-ல பீட்டர் உஸ்டினோவ் நடிச்ச டெத் ஆன் தி நைல் பாக்கப் போறேன். அதோட முடிவு எனக்கு சத்தியமா தெரியாது, யாராவது கீழ வந்து வாய விட்டீங்க, மரியாத கெட்டுடும்.

ரயிலடி ராணி:

சொல்லல சொல்லல. மியா ஃபாரோவ மட்டும்

ஜன்னலோர சீட்:

ராணி!!!

மொட்டைமாடி மணி:

போச்சு.